அழுத ஜாடிகள்

சூளை வாசலை அடைத்திருந்த செங்கற்களை ஒவ்வொன்றாக உருவினார்கள். வேகாத வெயில் ஒரு பக்கம், உள்ளேயிருந்து வந்த அனல் ஒரு பக்கம். வேப்பமரத்தடியில் நின்ற பொம்பளைகள் எங்கள் முகத்திலும் சூடு அடித்தது.

வாசலுக்கு நேரே முன்வரிசையில் என் ஜாடிகள் நின்றன. மேலெல்லாம் சுளகுப் பின்னல், அதாவது முறத்தின் பின்னல், பதித்த ஜாடிகள். கருப்பட்டிப் பாகு நிறத்தில் வர வேண்டும். அந்த நிறம் வந்திருந்தது. ஆனால் ஒவ்வொன்றின் வயிற்றிலிருந்தும் பச்சையும் வெள்ளையுமாக என்னவோ உருகி, கோடு கோடாக அடிவரை வடிந்திருந்தது. சில ஜாடிகள் கீழே இருந்த கல் பலகையோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றன. கடப்பாரையால் நெம்பியதில் அடி பெயர்ந்து போயிற்று.

"ஜாடி அழுதுருக்குய்யா" என்றார் சோணை அண்ணன். சூளையை அடுக்குவது, எரிப்பது, திறப்பது எல்லாம் அவர் பொறுப்பு.

ஜாடியைப் பார்த்துத்தான் சொன்னார். சொல்லிவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார்.

இந்த வாரம் அந்தப் பார்வையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். போன வாரம் என் மதினியைப் பற்றி எழுதியதற்கு அண்ணன் மகன் வீடு தேடி வந்து கத்திவிட்டுப் போனான். செத்தவர்களைப் பற்றி இப்படியா எழுதுவது என்றான். அவள் உயிரோடு இருந்தபோது சொல்லியிருந்தால் அகப்பையால் அடித்திருப்பாள், அதனால்தான் இப்போது எழுதுகிறேன் என்றேன். பத்திரிகைக்காரர்கள் கொஞ்சம் பதமாக எழுதச் சொல்கிறார்கள். எனக்குப் பதமாக எழுத வராது.

கேப்பைக் கூழ் மாதிரி ஒரு தொட்டி

விளாங்குடியிலிருந்து திண்டுக்கல் ரோட்டில் போய், பனை வரிசை தெரிகிற இடத்தில் வண்டிப் பாதையில் இறங்கினால் ஜாடிக் கம்பெனி. இப்போது அங்கே ஒரு செங்கல்கூடக் கிடையாது. ஊறுகாய் ஜாடி, உப்பு ஜாடி, ஆஸ்பத்திரிக்கு மருந்து ஜாடி என்று செய்தோம். குயவர் வீட்டுப் பானை வேறு, இது வேறு. இந்த மண்ணைப் பல மடங்கு சூட்டில் சுட வேண்டும். வெந்து வந்தால் கல்லாக இருக்கும். தட்டினால் கோயில் மணி மாதிரி கணீரென்று சத்தம் வரும்.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். கப்பல் வரவில்லை. அதற்கு முன்னால் நீலம், பச்சை என்று வர்ணப் பொடி டப்பா டப்பாவாக வந்து இறங்கும். அது நின்றுபோனதும் மானேஜர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பிறகு உள்ளூரில் கிடைக்கிற செவல் மண், சுண்ணாம்புக்கல், வெள்ளைக்கல் மூன்றையும் மாவாக அரைத்துக் கரைத்து ஒரே தொட்டியாக வைத்துவிட்டார். இனிமேல் எல்லா ஜாடிக்கும் இந்த ஒரு கிளேசுதான் என்றார். கிளேசு என்றால் ஜாடிமேல் கண்ணாடி மாதிரி படிகிற மெருகு. தொட்டியில் பார்த்தால் கேப்பைக் கூழ். சூளையிலிருந்து வெளியே வந்தால் கருப்பட்டிப் பாகு.

அந்தத் தொட்டியில்தான் எனக்கும் இருளாயிக்கும் வேலை. காய்ந்த ஜாடியை வாயிலும் அடியிலும் பிடித்து முக்கி எடுக்க வேண்டும். முக்கும்போது மண் கூழைக் குடிக்கிற சத்தம் கேட்கும். வெயிலில் காய்ந்த மண்சுவரில் தண்ணீர் தெளித்தால் உஸ்ஸென்று வருமே, அந்தச் சத்தம். நான் முக்குவேன். இருளாயி ஈரத்துணியால் ஜாடியின் அடியைச் சுத்தமாகத் துடைப்பாள். துடைக்காமல் விட்டால் கிளேசு உருகிப் பலகையோடு ஒட்டிக்கொள்ளும். நடுநடுவே தொட்டியைத் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் கல் மாவு அடியில் உட்கார்ந்துவிடும். இருளாயி என்னைவிட மூத்தவள். வாய் ஓயாது, கையும் ஓயாது.

சுளகு பதித்ததும் யோசித்துச் செய்ததல்ல. சக்கரத்திலிருந்து இறக்கும்போது ஆட்கள் ஈர ஜாடியைப் பிடித்த பிடியில் விரல் பள்ளம் விழும். அதற்கு எங்களைத் திட்டுவார்கள். ஒருநாள் ஆத்திரத்தில், குப்பையில் கிடந்த பழைய சுளகுத் துண்டு ஒன்றை எடுத்து, ஈர ஜாடியில் சுற்றிச் சுற்றி அழுத்தினேன். விரல் பள்ளம் மறைந்தது. பின்னல் மட்டும் நின்றது. சூளையின் உள்வரிசையில் வைத்து அது வெந்து வந்தபோது நானே கொஞ்ச நேரம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். கிளேசு ஒன்றுதான். பின்னலின் மேட்டில் மெலிந்து தேன் நிறம், பள்ளத்தில் தேங்கி ஏறக்குறைய கறுப்பு. வழவழ ஜாடியில் ஒரே நிறமாகக் கிடந்தது, இதில் பல நிறமாகத் தெரிந்தது.

மானேஜர் அதைத் தூக்கிக்கொண்டு போய் டவுனில் காட்டினார். வண்டியூர் தெப்பக்குளக் கரையில் ஒரு பெரிய வீடு. அந்த வீட்டு அம்மா, மகள் கல்யாணச் சீருக்கு இதே மாதிரி ஒரு வரிசை ஜாடி வேண்டும் என்று ஆர்டர் கொடுத்தார். ஊறுகாயும் வடகமும் போட்டு, சம்பந்தி வீட்டார் பார்க்கக் கூடத்தில் வரிசையாக வைப்பார்களாம். எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும், ஒன்றுகூட மாறக் கூடாது என்பது பேச்சு.

அந்த ஜாடிகள்தான் அழுதன.

ஆனையூர் வீடு

என் வீட்டுக்காரர் ரங்கூனுக்குப் போனவர். சண்டை வந்த பிறகு இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாமல் போயிற்று. தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று ஊரில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் கழற்றவில்லை. அது பாசமா, பிடிவாதமா என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

கைக்குழந்தையோடு ஆனையூரில் அண்ணன் வீட்டில் இருந்தேன். மாட்டுக்கொட்டில் கூட்டினேன், களை எடுத்தேன், நெல் அவித்தேன். மதினி எனக்கும் என் மகளுக்கும் கடைசியாகச் சோறு போடுவாள். போடும்போது பானையைச் சுரண்டுகிற சத்தம் தெருவரைக்கும் கேட்க வேண்டும் அவளுக்கு. ஜாடிக் கம்பெனியில் வேலை கிடைத்ததும் விளாங்குடியில் ஒரு குச்சுவீட்டில் தனியாகக் குடிவந்தேன். கிளம்பும்போது மதினி, "எங்க போனாலும் இங்கதான வரணும்" என்றாள். திரும்ப மாட்டேன் என்று நான் வாயைத் திறந்து சொல்லவில்லை. மனதுக்குள் வைத்துக்கொண்டேன்.

ஆகவே அந்த வேலை போனால் நான் எங்கே போய் நிற்பேன் என்பது எனக்குத் தெரியும். வாசல் படிகூடக் கண்ணில் தெரிந்தது.

தீட்டுக் கை

அழுத ஜாடிகளை வேப்பமரத்தடியில் வரிசையாக வைத்து ஆளாளுக்குப் பார்த்தார்கள்.

மானேஜர் கிளேசு தடிமனாகிவிட்டது என்றார். பிறகு விறகு ஈரம் என்றார். மறுநாள் வந்து சுண்ணாம்புக்கல் கூடிவிட்டது என்றார். அதே தொட்டியில் முக்கிய வழவழ ஜாடிகள் உள்வரிசையில் ஒரு குறையும் இல்லாமல் வந்திருந்தன. ஒரே தொட்டி, ஒரே விறகு, ஒரே சூளை. பின் மூலையில் ஒரு வழவழ ஜாடி மட்டும் குளத்துப் பாசி மாதிரி முழுப் பச்சையாக வந்திருந்தது. அது ஏன் என்றும் தெரியவில்லை. அது வழிந்திருக்கவும் இல்லை, அழகாகவே இருந்தது. அதைப் பார்த்த பிறகு குழப்பம் இன்னும் கூடிப்போயிற்று.

தெரியவில்லை என்று ஒருவரும் வாயால் சொல்லவில்லை. அங்கேதான் சனியன் பிடித்தது.

சோணை அண்ணன் மானேஜரைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். என்ன பேசினார் என்பது சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. தூரமான பொம்பளை தொட்ட ஜாடி சூளையில் நிற்காது, தீட்டுக் கை பட்டதால்தான் ஜாடி அழுகிறது என்று சொல்லியிருக்கிறார். மாதவிலக்கைத்தான் தூரம் என்போம். ஆம்பிளைகள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அதுவரை எங்களோடு ஒரே தொட்டியில் கை விட்டவர்கள்.

சோணை அண்ணன் கெட்ட மனிதர் இல்லை. இதையும் எழுத வேண்டும். என் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது தோளில் போட்டுக்கொண்டு வைத்தியர் வீட்டுக்கு நடந்தவர். சூளைக்குப் பக்தியாக இருப்பார். கருவேல விறகைக்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் உள்ளே தள்ளுவார். அப்படிப்பட்ட ஆள் சொன்னதால்தான் எல்லோரும் நம்பினார்கள். வேறு யாராவது சொல்லியிருந்தால் நான் செருப்பைக் கழற்றியிருப்பேன்.

பொம்பளைகள் இனிமேல் தொட்டிப் பக்கம் வரக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். முக்குவதும் துடைப்பதும் ஆம்பிளைகள் செய்வார்கள். சுளகு பதிக்க மட்டும் நான். அதற்கு வேறு ஆள் இல்லை.

நான் சண்டை போட்டேன் என்றுதான் நினைப்பீர்கள். போட்டேன். கத்தினேன். ஆனால் வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்த ஜாடிகளை முக்கிய நாளில் நான் எப்படி இருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. இருளாயியைக் கேட்டேன்.

"ஏத்தா, இதெல்லாமா கணக்கு வப்பாக? எனக்கு என் கணக்கே தெரியாது" என்றாள் அவள்.

என் கையை நானே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். செவல் மண் காய்ந்து நகக்கண்ணில் நின்றது. அதில் என்ன தெரியப்போகிறது?

மறுபடியும்

அடுத்த சூளைக்கு நான் சுளகு பதித்தேன். ஆம்பிளைகள் முக்கினார்கள், துடைத்தார்கள், அடுக்கினார்கள். தொட்டி இருந்த கொட்டகைக்கே நாங்கள் போகவில்லை. வாசலை அடைக்கும் முன்னால் வழக்கம்போலப் பூசை நடந்தது. பூசைக்குப் பொம்பளைகள் கிட்டத்தில் போகக் கூடாது. எப்போதும் வேப்பமரத்தடியில் நின்று பார்ப்போம். தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, சோணை அண்ணன் வாசலுக்குக் குங்குமம் வைத்து, முன்வரிசை ஜாடிகளுக்குத் திருநீறு பூசுவார். அன்றைக்கும் பூசினார். போன தடவை ஜாடி அழுத பயத்தில் இந்தத் தடவை அள்ளி அள்ளிப் பூசினார்.

நான் இதையெல்லாம் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றேன். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை. என்மேல் எனக்கு எரிச்சல் வருவது அதற்குத்தான்.

சூளை திறந்தது. போன தடவையைவிட அதிகமாக அழுதிருந்தன.

பொம்பளை கையே படாத கிளேசு. இனிமேலாவது வாயை மூடுவார்கள் என்று நினைத்தேன். மூடவில்லை. சுளகு பதித்தது யார் கை என்று ஒருவன் கேட்டான். அம்புட்டுத்தான். மொத்தத் தீட்டும் என் ஒருத்தி கைக்கு வந்து சேர்ந்தது. எனக்கு அதைக் கேட்டு அழுகை வரவில்லை, சிரிப்பு வந்தது. சிரித்ததற்கும் திட்டினார்கள்.

மானேஜர் என்னைக் கூப்பிட்டுவிட்டார். அவருக்குத் தீட்டில் நம்பிக்கை இருந்ததா என்பது எனக்குச் சந்தேகம்தான். அவருக்கு வேண்டியது ஒரு காரணம். அதைத் தெப்பக்குளத்து அம்மாவிடம் சொல்லிவிட்டுச் சுளகு ஜாடியை நிறுத்திவிடலாம் என்று பார்த்தார்.

"நான் என்னம்மா செய்யட்டும்? ஆட்கள் ஸ்டிரைக் பண்ணிடுவாங்க போலிருக்கு. ஒண்ணாந் தேதியிலேருந்து நீ வர வேண்டாம்."

"என் கையில என்ன இருக்குன்னு நீங்க சொல்லுங்க சார். படிச்சவுக நீங்க."

அவர் மேஜையில் இருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார், மாட்டினார். ஒன்றும் எழுதவில்லை.

வெளியே வந்தேன். பானையைச் சுரண்டுகிற சத்தம் காதில் கேட்டது.

மூன்று விரல்

உடைந்த ஜாடிகளைக் கொட்டுகிற மேடு ஒன்று கம்பெனிக்குப் பின்னால் உண்டு. அங்கே போய் உட்கார்ந்தேன். யோசிக்கப் போனேன் என்று பெருமை பேச மாட்டேன். ஒரு ஜாடியையாவது கல்லால் உடைத்து நொறுக்க வேண்டும் என்று கை பரபரத்தது. அதற்குத்தான் போனேன்.

முழுசாக இருந்த அழுத ஜாடி ஒன்றை மடியில் இழுத்து வைத்தேன். உடைப்பதற்கு முன்னால் அது எங்கிருந்து அழுகிறது என்று பார்த்தேன். கோடுகள் எல்லாம் வடிந்து கிடந்தன, சரி. எங்கே தொடங்குகின்றன? வாயிலிருந்து இல்லை. நடு வயிற்றிலிருந்து. அங்கே குறுக்காக ஒரு பச்சைப் பட்டை. அதிலிருந்துதான் கண்ணீர் மாதிரி இறங்கியிருந்தது. அதற்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டு இன்னொரு பட்டை. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று, பாதியிலேயே தேய்ந்துபோய்.

சோணை அண்ணனுக்கு வலது கை நடுவிரல் பாதிதான் உண்டு. இளவயதில் மண் அரைக்கிற எந்திரத்தில் கொடுத்துவிட்டார். அதனால் நெற்றியில் அவர் திருநீறு பூசினால் மேலும் கீழும் பளிச்சென்று இருக்கும், நடுப் பட்டை மட்டும் பாதியோடு நின்றுவிடும். கம்பெனியில் அவருக்குப் பெயரே ரெண்டரைப் பட்டை. முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள்.

என் மூன்று விரலை ஜாடியில் வைத்தேன். இடைவெளி பொருந்தியது, விரல் தடிமன்தான் வேறு.

அவர் பூசுவது கடையில் வாங்குகிற பொட்டலத் திருநீறு கிடையாது. வீட்டிலேயே சாணி உருண்டை சுட்டுச் சட்டி நிறையக் கொண்டுவருவார். குங்குமம் தீயில் போய்விடும், சந்தனம் போய்விடும். சாம்பல் எங்கே போகும்? அது ஏற்கெனவே எரிந்த பொருள். கிளேசோடு சேர்ந்து உருகியிருக்கிறது, உருகி ஓடியிருக்கிறது. வழவழ ஜாடியில் பூசினால் காய்ந்து உதிர்ந்துவிடும் போல. சுளகுப் பள்ளத்தில் அப்பிக்கொண்டது. இப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. முழுக்கச் சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பின் மூலையில் வந்த பாசி நிற ஜாடியை எந்த விரலும் தொடவில்லையே.

ஜாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தேன்.

"கடிக்க மாட்டேன்"

மத்தியானச் சாப்பாட்டு நேரம். எல்லோரும் மரத்தடியில் தூக்குச்சட்டியைத் திறந்திருந்தார்கள். ஜாடியைச் சோணை அண்ணன் முன்னால் வைத்தேன்.

"அண்ணே, வலது கையக் குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்கண்ணே. கடிக்க மாட்டேன்."

அவர் சாப்பிட்ட கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் கொடுத்தார். மூன்று விரலையும் பிடித்துப் பட்டைமேல் வைத்தேன். மேல் விரல் மேல் பட்டையில் உட்கார்ந்தது. கீழ் விரல் கீழ்ப் பட்டையில். நடுவிரல் நின்ற இடத்தில் பட்டையும் நின்றது.

இருளாயிதான் முதலில் கண்டுகொண்டாள்.

"அடி ஆத்தே, ரெண்டரைப் பட்டை."

சொன்ன பிறகுதான் அவர் முன்னால் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சில ஆம்பிளைகளுக்குத் தோள் குலுங்கியது.

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். தீட்டும் இல்லை, என் கையும் இல்லை, நீங்கள் பூசிய சாம்பல்தான் உருகி ஓடியிருக்கிறது என்றேன்.

சோணை அண்ணன் விரலை எடுக்கவே இல்லை. ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திருநீறு ஜாடியக் கெடுக்கும்னு சொல்றியா?"

"கெடுத்துருக்குண்ணே. கண்ணால பாருங்க."

"அனல்ல நின்னும் அழியல பாரு. இது கெட்டது இல்லத்தா. சாமி போட்ட பட்டை."

"போட்டது நீங்க."

"என் கைய வச்சுப் போட்டது யாரு?"

அதற்கு என்ன பதில் சொல்வது? எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் யோசித்தும் தெரியவில்லை. அவர் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. ஜாடியைக் கும்பிட்டார். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். ஒருவன் செருப்பைக் கழற்றி எறிந்தான். என்னைத் தீட்டு என்று சொன்ன அதே வாய்கள் இப்போது சிவ சிவா என்றன.

நான் நடுவில் நின்றேன். நான் ஜெயித்தேனா தோற்றேனா என்றே புரியவில்லை.

தெப்பக்குளத்து அம்மா

மானேஜருக்கு விஷயம் போயிற்று. ஓடிவந்தார். ஜாடியைப் பார்த்தார், சோணை அண்ணன் விரலைப் பார்த்தார், மறுபடியும் ஜாடியைப் பார்த்தார். அவர் கும்பிடவில்லை. "இது ஒரு டிசைன் மாதிரியே இருக்கே" என்றார்.

மறுநாளே அந்த ஜாடி குதிரை வண்டி ஏறித் தெப்பக்குளக் கரைக்குப் போயிற்று. அந்த அம்மா சைவக்காரர். நெற்றி நிறையத் திருநீறு. ஜாடியைப் பார்த்துவிட்டு அவரே கம்பெனிக்கு வந்துவிட்டார். எல்லா ஜாடியிலும் இந்தப் பட்டை வேண்டும் என்றார். ஆனால் நடுப் பட்டை அரைகுறையாக இருக்கக் கூடாது, மூன்றும் முழுசாக வர வேண்டும், இப்படி அடிவரை ஒழுகவும் கூடாது என்றார். சாமி போட்டது என்று கும்பிட்டுக்கொண்டேதான் இந்தக் குறையையும் சொன்னார்.

சோணை அண்ணன் தன் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த ஒரு நேரம் அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

வேறு ஆம்பிளைகளைப் பூச வைத்துப் பார்த்தார்கள். மண்ணும் விறகும் சுமந்த கைகள். ஒருவன் பூசினால் சுவருக்கு வெள்ளையடித்த மாதிரி இருந்தது, இன்னொருவன் விரல் நகம் கிளேசைச் சுரண்டிவிட்டது. கடைசியில் மானேஜர் என்னைப் பார்த்தார். பின்னல் பள்ளத்தில் விரல் எப்படிப் போகும் என்பது எனக்குத்தான் தெரியும் என்றார். பொம்பளை எப்படிச் சூளைக்கு முன்னால் நின்று திருநீறு பூசுவது என்று ஒருவன் முனகினான்.

"குளிச்சிட்டு வந்து பூசட்டும். கைக்கு என்ன?" என்றார் சோணை அண்ணன்.

கைக்கு என்ன என்று கேட்டார். அவர்தான் கேட்டார்.

வேலையில் இருந்து எடுத்த பேச்சை யாரும் திரும்ப எடுக்கவில்லை. எடுத்தது தப்பு என்றும் சொல்லவில்லை. தொட்டிக்கும் போ, சூளைக்கும் போ என்றார்கள். இருளாயி என்னோடு வந்து ஈரத்துணியை எடுத்து அடி துடைக்க ஆரம்பித்தாள். மானேஜரும் எதுவும் கேட்கவில்லை.

ஈரத் தலையோடு

சூளை அடுக்கி முடித்த அன்று கம்பெனிக் கிணற்றடியில் தலைக்குக் குளித்தேன். இருளாயி வாளியில் தண்ணீர் இறைத்து ஊற்றினாள். ஊற்றிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். என் சேலையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏத்தா, இன்னைக்கு நீ தூரம்."

"ஆமா."

"போய்ச் சொல்லிட்டு நாளைக்குப் பூசுவமா?"

சொல்லலாமா என்று யோசித்தேன். பயமாகவும் இருந்தது. அவர்கள் சொன்னது நிஜமாக இருந்துவிட்டால்? ஜாடி மறுபடியும் அழுதால்? ஆனையூர் வாசல் படி கண்ணுக்கு முன்னால் வந்தது. சொன்னாலும் போச்சு, சொல்லாவிட்டாலும் போகலாம். தலையில் ஊற்று என்றேன். அவள் ஊற்றினாள். அதற்குப் பிறகு அவள் வாயே திறக்கவில்லை. இருளாயி வாயைத் திறக்காமல் இருந்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஈரத் தலையோடு சூளை வாசலில் நின்றேன். அதற்கு முன்னால் அவ்வளவு கிட்டத்தில் போனதில்லை. உள்ளே சுண்ணாம்பும் ஈர மண்ணும் கலந்த வாசனை. சோணை அண்ணன் சட்டியை நீட்டினார். திருநீற்றைத் தொட்டு, கையை உதறி, விரலில் ஒட்டியிருந்த மிச்சத்தை மட்டும் ஜாடியின் தோளில் இழுத்தேன். வயிற்றில் பூசினால்தானே அடிவரை ஓடும். மேலே, மெல்லிசாக, மூன்று கோடு. ஒவ்வொரு ஜாடிக்கு முன்னாலும் ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தேன். பக்தி என்று பின்னால் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

எரித்து, ஆறவிட்டு, திறந்தார்கள். அந்த நாட்களில் நான் என்ன சாப்பிட்டேன், எப்படித் தூங்கினேன் என்று எனக்கு நினைவில்லை.

செங்கல்லை உருவ உருவ ஜாடிகள் தெரிந்தன. பாகு நிறம். மேட்டில் தேன், பள்ளத்தில் கறுப்பு. தோளில் மூன்று பட்டை, வெளிர் பச்சையாக, முழுசாக. ஒன்றும் அழவில்லை. ஒன்றும் பலகையில் ஒட்டவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள். மெல்லிசாகப் பூசியதால் இருக்கலாம். விறகு நன்றாகக் காய்ந்ததால் இருக்கலாம். எனக்குத் தெரியாது.

சோணை அண்ணன் சட்டியோடு என்னிடம் வந்தார். பொம்பளைக்குச் சின்னப் பொட்டாக வைப்பதுதான் வழக்கம். அவர் என் நெற்றியில் மூன்று விரலையும் வைத்து இழுத்துப் பட்டையாகவே போட்டுவிட்டார்.

"ராசியான கைத்தா ஒனக்கு" என்றார்.

எனக்குப் பின்னால் இருளாயி நின்றாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்திருந்தால் சிரித்திருப்போமோ, கத்தியிருப்போமோ தெரியாது.

வீட்டுக்கு வந்து கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை. நடுவில் பாதி.

துடைக்கலாம் என்று முந்தானையை எடுத்தேன். துடைக்காமல் நின்றேன். மறுபடி எடுத்தேன். மகள் பசிக்கிறது என்று காலைக் கட்டிக்கொண்டாள். அவளும் என் நெற்றியைப் பார்த்துவிட்டு, "அம்மா, நடுவுல அழிஞ்சு போச்சு" என்றாள்.

"அது அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போனேன்.